வேண்டாத பக்கம்

ரம்பத்தின் பிளேடு முறுக்காக இருந்தது.

விரல் நகத்தால் ஒருமுறை சுண்டினாள். டிங் என்று சுத்தமாக ஒலித்தது. முந்தின நாள் சாயங்காலம் வேலை முடித்ததும் அதைத் தளர்த்திவிட்டுத்தான் எழுந்து போயிருந்தாள். தளர்ந்த பிளேடு சுண்டினால் ஆடுமே தவிரச் சத்தம் போடாது. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடி வருகிறவள்தான் அவள். ஆனால் பிளேடு விஷயத்தில் மட்டும் இந்த ஒரு வருஷத்தில் ஒருநாள்கூட மறந்ததில்லை.

"மறந்திருப்பேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சொன்னவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

பின்னறை மேஜையில் தையல் மிஷின் அளவுக்கு உட்கார்ந்திருந்தது அந்த ஸ்க்ரோல் ரம்பம். தையல் மிஷினில் ஊசி இருக்கும் இடத்தில் இதற்கு நூல் போன்ற பிளேடு. காலால் பெடலை அமுக்கினால் அது மேலும் கீழுமாகத் துடிக்கும். பலகையை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பித் திருப்பி ஓட்டினால் இலை, பூனை, குதிரை எதுவானாலும் வளைந்து நெளிந்து வெட்டுப்பட்டு வரும். பக்கத்து வீட்டு நர்ஸ் ராத்திரி டியூட்டி முடித்துப் பகல் மூன்று மணி வரை தூங்குகிறவள் என்பதால், மூன்றுக்குமேல்தான் இந்த அறையில் சத்தம் கேட்கும்.

அந்த அறை அவள் கணவருடையதாக இருந்தது. சர்வேயர். ஊரில் பாதிப் பேருக்கு எல்லை பிரித்துக் கொடுத்தவர். வீட்டுக்குள்ளும் அதே உத்தியோகம்தான். காபி டம்ளரோடு வந்தால் அவள் வாசற்படியோடு நிற்க வேண்டும். அவர் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. இரண்டாம் வாரமே வரைபடங்களை எல்லாம் சுருட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு இந்த ரம்பத்தை வாங்கிவந்து வைத்தாள். அவளுடைய அண்ணன் குதிகுதியென்று குதித்தார்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு ரம்பமும் மரத்தூளும்? பேசாம டிவியைப் பாத்துக்கிட்டு இருக்கலாம்ல?"

"ஒருத்தர் பேசப் பேச நான் பேசாம பாத்துக்கிட்டு இருந்தது முப்பத்தோரு வருஷம் ஆச்சுண்ணா. போதும்."

பிளைவுட் கடைக்காரர் அவளுக்கு 'ரம்பக்கா' என்று பேர் வைத்திருந்தார். ரம்பம் வாங்கியதற்காகவா, கடைக்குப் போனால் ஒருமணி நேரம் பேசாமல் திரும்பமாட்டாள் என்பதற்காகவா என்று அவள் கேட்டதில்லை. இரண்டானாலும் அவளுக்குச் சம்மதம்.

மேஜையில் துணி போட்டு மூடியிருந்த பலகையைத் திறந்தாள்.

அவர் திரும்பி வந்திருந்தார்.

நடந்தது இதுதான். புது வீட்டுக்குக் குடிபோன மகள், ஹாலில் வைக்க ஒரு குடும்பப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பியிருந்தாள். "இதை மரத்துல பஸில் மாதிரி வெட்டிக் குடும்மா, சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்று போனில் சொன்னாள். படத்தில் மூன்று பேர். இடதுபக்கம் அவள், நீலத்தில் வெள்ளைப் பொட்டு வைத்த சேலையில். நடுவில் அவர். வலதுபக்கம் கல்லூரிக்குப் போகும் வயதில் மகள். அவருடைய ஒரு கை பேன்ட் ஓரமாகத் தொங்குகிறது. இன்னொரு கை மனைவியின் தோள்மேல்.

"அப்பா எவ்ளோ ஆசையா உன் தோள்ல கை போட்டிருக்கார் பாரும்மா."

அது ஆசை இல்லை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். நாலு பேர் மத்தியில் அவள் வாயைத் திறந்தால் அந்தக் கை வரும். பார்க்கிறவர்களுக்கு அன்பாகத்தான் தெரியும். நான்கு விரலும் கழுத்தெலும்பில் அமுங்கும், அவள் நிறுத்தும்வரை. படத்திலும் அவள் வாய் பாதி திறந்திருக்கிறது. போட்டோக்காரர் அடித்த ஏதோ ஒரு ஜோக்குக்குப் பதிலடி கொடுக்க வாயெடுத்தவள். என்ன சொல்ல வந்தாள் என்பது இப்போது அவளுக்கே ஞாபகம் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.

மகளுக்கு இது தெரியாமல் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. மகள் சின்ன வயதிலிருந்தே வாயாடி. அவள் மூச்சுவிடாமல் பேசும்போது அவர் பார்வை அந்தப் பக்கம் திரும்பும், விரல்கள் லேசாக மடங்கி விரியும். உடனே இவள் நடுவில் புகுந்து எதையாவது உளறிக் கொட்டுவாள். கை இவள் தோளுக்கு வந்துவிடும். அப்படியே பெண்ணை வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தும் விட்டாள்.

படத்தைப் பலகையில் ஒட்டிவிட்டுச் செவ்வாய்க்கிழமை முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெடலை அமுக்கினாள். அவருடைய உருவத்தை மட்டும், ஓரம் பிடித்து, ஒரே துண்டாக வெட்டி எடுத்தாள். தோளில் இருந்த நான்கு விரலும் அவரோடு சுத்தமாக வந்துவிட்டன. அப்பா வேண்டும் என்றால் மகள் தனியாக வைத்துக்கொள்ளட்டும். அந்தத் துண்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். அன்றைக்கு அவள் தூங்கிய தூக்கம் அப்படியொரு தூக்கம்.

இப்போது புதன்கிழமை மூன்று மணி. டப்பா மூடியபடியே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அவர் பலகையில், தன் இடத்தில், தோள்மேல் கையோடு நின்றிருந்தார்.

கட்டைவிரலால் அவரை அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. அது முறையே இல்லை. ரம்பத்தில் வெட்டிய துண்டைத் திரும்ப அதே பள்ளத்தில் வைத்தால் கொஞ்சம் தொளதொளவென்றுதான் உட்காரும். ஏனென்றால் பிளேடு போகிற வழியில் முடியளவு மரத்தைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் இந்த வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. கோட்டுக்கு இரண்டு பக்கம். வேண்டிய பக்கம், வேண்டாத பக்கம். பிளேடு எப்போதும் வேண்டாத பக்கத்தில்தான் மேய வேண்டும். செவ்வாய்க்கிழமை அவள் அவரைத்தான் வேண்டாத பக்கமாக வைத்தாள். அவர் சட்டையிலிருந்துதான் அந்த முடியளவு போனது.

விளக்கை இழுத்துக் குனிந்து பார்த்தாள். சட்டை முழுசாக இருந்தது. அவருடைய விரல் ஓரத்திலிருந்து தன் சேலை விளிம்புவரை பொட்டுகளை எண்ணினாள். நேற்றுவரை ஒன்பது இருந்தன. இப்போது ஏழு.

யாரோ அதே கோட்டில் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். இந்தத் தடவை வேண்டாத பக்கம் அவளுடையது.

பயம் எட்டிப் பார்த்தது. அதற்கு முன்னால் கோபம் ஏறிவிட்டது.

"செத்தும் உங்களுக்கு அளக்கிற புத்தி போகலையா?" என்றாள் பலகையைப் பார்த்து. "ஊரான் நிலத்துல ஒரு அடி, என் சேலையில ரெண்டு பொட்டா?"

மரச்சுத்தியலால் பின்னாலிருந்து தட்டி அவரை வெளியே தள்ளினாள். டப்பாவில் போட்டு, டப்பாவை முன்னறை ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பிளைவுட் கடைக்குப் போய் ஒரு டஜன் பிளேடு கேட்டாள். கடைக்காரர் எதற்கு இத்தனை என்றார். "அது ஒரு பெரிய கதை, கேளுங்க, எங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். இடது தோளில் ஏதோ கனத்தது. ஈரத்துண்டைப் போட்டதுபோல் ஒரு கனம்.

"என்ன ரம்பக்கா, பாதி ஸ்டாப்புலயே வண்டி நின்னுடுச்சு?"

அவள் சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டு நர்ஸ் நின்றிருந்தாள். கண் இரண்டும் சிவந்து, தலை கலைந்து.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு மணிக்கு மேலன்னுதானே பேச்சு? இன்னிக்குப் பத்து மணிக்கே ஓட்ட ஆரம்பிச்சுட்டீங்களே. கண்ணை மூடவே முடியல."

"நான் வீட்டுலயே இல்லியே. இப்பதான் கடையிலேருந்து வரேன்."

நர்ஸ் அவள் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு பூட்டியிருந்த கதவைப் பார்த்தாள்.

"இப்ப நீங்க தெருமுனையில திரும்பற வரைக்கும் ஓடிக்கிட்டுதான்க்கா இருந்துச்சு" என்றாள், குரலைத் தாழ்த்தி.

உள்ளே அடியெடுத்து வைத்ததும் வாசனை. சூடேறிய பிளைவுட் பசையின் கருகல் வாடை, அதோடு சேர்ந்து, பதினாலு மாதமாக இந்த வீட்டில் இல்லாத ஷேவிங் சோப்பின் வாசனை. ஜன்னல் வழியாக வந்த வெயிலில் தூள் மிதந்துகொண்டிருந்தது. யாரோ அந்த நொடியில்தான் எழுந்து போனதுபோல் அது இன்னும் அடங்கவில்லை. நாற்காலி அவள் உயரத்துக்கு இல்லை. கொஞ்சம் தாழ்த்தப்பட்டிருந்தது, அவரைப்போல் நெட்டையான ஆள் உட்காரத் தோதாக. பிளேடைத் தொட்டாள். சுட்டது.

பீரோவைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் பார்த்தாள். டப்பா காலி.

பலகையில் அந்த வரிசைப் பொட்டுகள் எல்லாம் போயிருந்தன. தோள் பாதி போயிருந்தது. இடது காதையும் கோடு வழித்துக்கொண்டு போய், பாதி திறந்த வாயின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவர் கொஞ்சம் அகலமாகியிருந்தார்.

அப்போதுதான் மகள் போன் செய்தாள். புதுக் கர்ட்டன், கீழ்வீட்டு நாய், கணவனின் குறட்டை என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். சனிக்கிழமை நீ வராதே என்று சொல்ல வேண்டும். நானே அங்கே வருகிறேன் என்று சொல்ல வேண்டும்.

"இங்க பாரு கண்ணு, நீ சனிக்கிழமை..."

தோளில் நான்கு விரல் அமுங்கியது.

இந்தத் தடவை கனம் இல்லை. விரல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"சனிக்கிழமை என்னம்மா?"

"ஒண்ணுமில்ல" என்றாள். முப்பத்தோரு வருஷம் சொல்லிப் பழகிய சொல் தானாகவே வந்தது. அது தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டதும் அவளுக்கு அழுகையாக வந்தது. அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் புது பிளேடு மாட்டினாள். நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஏற்றினாள். அவரைத் தட்டி வெளியே எடுத்துப் பிளேடின் முன்னால் வைத்தாள்.

"முப்பத்தோரு வருஷமா நீங்க நீங்கன்னு கூப்பிட்டேன். இன்னியோட போதும். நீ போ."

பெடலை அமுக்கினாள். முதலில் மணிக்கட்டு. பலகை அவள் கையில் திமிறியது. பிளேடு படக்கென்று ஒடிந்து கன்னத்துக்குப் பக்கத்தில் பறந்தது. இன்னொன்று மாட்டினாள். தோளில் விரல்கள் இறுகின. மூச்சு முட்டியது. அதுவும் ஒடிந்தது. "பன்னெண்டு வாங்கி வெச்சிருக்கேன்டா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மூன்றாவது ஓடியது. கை தனியாக விழுந்தது. இனி விரல்கள். ஒவ்வொன்றும் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, கையால் பிடிக்க முடியாது. பென்சில் முனை ரப்பரால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். சுண்டுவிரல். தோளில் ஓரிடம் லேசானது. மோதிரவிரல். இன்னோரிடம். நடுவிரல். ஆட்காட்டி விரல்.

தோளில் ஒன்றுமில்லை.

எழுந்து நின்று கையைச் சுழற்றிப் பார்த்தாள். காலி அறையில் சத்தமாகப் பேசினாள். அண்ணனைத் திட்டினாள், கடைக்காரரைக் கிண்டல் செய்தாள், அவர் எந்தக் கல்யாணத்தில் எந்தப் பேச்சை எங்கே நிறுத்தினாரோ அதையெல்லாம் அங்கிருந்தே தொடர்ந்து பேசி முடித்தாள். யாரும் நிறுத்தவில்லை. சந்தோஷத்தில் தொண்டை கட்டிப்போனது.

சனிக்கிழமை மதியம். மகள் கிளம்பிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். பஸிலாக வெட்டும் வேலை அப்படியே கிடந்தது. நடுவில் ஓட்டையோடு ஒரு பலகைதானே, அதை வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று துணியை விலக்கினாள்.

ஓட்டை இல்லை.

அவர் நின்றிருந்தார். இடதுபக்கத்துக் கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. அவள் தோள் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. காது, வாய், ஒன்பது பொட்டு, எல்லாம். இடதுபக்கம் இம்மி குறையவில்லை.

பிறகு வலதுபக்கம் பார்த்தாள்.

பேன்ட் ஓரமாகத் தொங்கிய கை இப்போது தொங்கவில்லை.

அது மகளின் தோள்மேல் இருந்தது. நான்கு விரலும். சிரித்துக்கொண்டிருந்த மகளின் வாய் பாதியில் நின்றிருந்தது.

அவள் வாயிலிருந்து வந்தது கத்தலா வசவா என்று அவளுக்கே தெரியாது. அவரைத் தட்டித் தள்ளினாள். ரம்பத்தில் வைத்தாள். இந்தத் தடவை கோடு கிடையாது, ஓரம் கிடையாது, வேண்டிய பக்கம் கிடையாது. எல்லாமே வேண்டாத பக்கம். குறுக்கே ஓட்டினாள். நெடுக்கே ஓட்டினாள். பிளேடு தின்னட்டும். கை. கண். நெற்றி. பிளேடு ஒடிந்தது, மாட்டினாள், ஒடிந்தது, மாட்டினாள். துண்டு துகளானது, துகள் தூளானது. ரம்பத்தில் மிச்சம் இருந்த பிளேடு ஒன்றே ஒன்று. மேஜைமேல் ஒரு பிடி மாவு. அதைப் பாலித்தீன் பையில் வழித்துப் போட்டு முடிச்சுமேல் முடிச்சுப் போட்டாள். ரம்பத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

அழைப்புமணி அடித்தது.

கதவைத் திறந்தாள். நல்ல வெயில். மகள் இரண்டு கையிலும் பையோடு, கரும்பச்சைச் சட்டையில், வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"யம்மா, அந்த பஸ்ல ஒரு ஆள் பண்ணின கூத்து இருக்கே, நீ கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பே. அவன் கண்டக்டர்கிட்ட போயி..."

நின்றுவிட்டாள்.

"என்னடி? கண்டக்டர்கிட்ட போயி?"

மகள் வாய் பாதி திறந்திருந்தது. நெற்றியில் சின்னச் சுருக்கம். எதையோ மறந்துபோன முகம்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

மகள் இன்னும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. பின்னறைப் பக்கமே போகவில்லை. ஆனால் அந்தக் கரும்பச்சைச் சட்டையின் தோளில் மாவாக மரத்தூள் படிந்திருந்தது. நான்கு கோடு. பக்கம் பக்கமாக.

பெற்றவள் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். வாயைத் திறந்தாள். மகளின் தோளுக்குப் பின்னால் இருந்த வெறும் இடத்தை நேராகப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி. அந்தக் கை எதற்கு வந்தது என்பதை, எத்தனை வருஷம் வந்தது என்பதை, ஒவ்வொரு வீட்டு விசேஷத்திலும் அவள் விழுங்கிய ஒவ்வொரு வார்த்தையையும். இங்கே வா. நான்தான் பேசுகிறேன். என்னை நிறுத்து பார்க்கலாம்.

அவள் தோள் லேசாகவே இருந்தது. எதுவும் வரவில்லை. அவள் பக்கம் வருகிற கையை அவளேதான் மணிக்கட்டோடு வெட்டியிருந்தாள்.

பின்னறையில், பிளக் பிடுங்கிப் போட்ட ரம்பம் ஓட ஆரம்பித்தது.

அவள் குரலை அதற்குமேல் உயர்த்தினாள். நிறுத்தவில்லை. அவள் பேசப் பேச, மகளின் சட்டைத் துணியில் அந்த நான்கு கோடும் ஒவ்வொன்றாகக் குழிந்து, கழுத்தெலும்பு வரைக்கும் அமுங்கிக்கொண்டிருந்தன.